இரண்டு கிறிஸ்துமஸ் உள்ள ஊரில் டூட்டி பட்டியல்

செர்பியாவின் வடகிழக்கில், பனாட் சமவெளியில் இருக்கிறது விளாதிமிரோவாட்ஸ். செர்பியர்கள் அதிகம், ருமேனியர்களும் கணிசம். பக்கத்து தோலோவோ, ம்ரமோராக் வயல்களில் 57 காற்றாலைகள் எழுந்த காலத்தில் இந்த ஊரில்தான் வாடகைக்குத் தங்கியிருந்தேன். மொத்தம் 158 மெகாவாட். 2019இல் திறப்பு விழா நடந்தது.

கொஷாவா என்ற தென்கிழக்குக் காற்றை நம்பிய திட்டம் அது. டான்யூப் ஆறு மலைகளுக்கு நடுவே ஓடிவரும் இடுக்கு வழியாக, இலையுதிர் காலத்திலிருந்து நாள்கணக்கில் வீசும். ஆரல்வாய்மொழியில் வேலை பழகிய எனக்குக் காற்று புதிதில்லை, குளிர்தான் புதிது. மின்சாரத்துக்கு உதவும் இதே காற்று கட்டுமானத்துக்கு எதிரி. வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தைத் தொட்டாலே கிரேனில் இறக்கையைத் தூக்க யோசிக்க வேண்டும். அதனால் காற்று ஓய்ந்த நாளை விட்டுவிட முடியாது, அது பண்டிகை நாளாக இருந்தாலும்.

டூட்டி பட்டியல் போடுவது என் பொறுப்பு. உள்ளூர் ஆட்களில் இரண்டு இனத்தாரும் இருந்தார்கள். இரு தரப்பும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் நாட்காட்டி வேறு. செர்பியத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ருமேனியத் திருச்சபை 1924இல் மாறிக்கொண்டது. இடைவெளி 13 நாள். ருமேனிய வீட்டில் டிசம்பர் 25 கிறிஸ்துமஸ், செர்பிய வீட்டில் ஜனவரி 7. பட்டியலை எப்படிப் பிரிப்பது என்று நான் கேட்பதற்கு முன்பே செர்பிய போர்மேன் சொல்லிவிட்டார்: "இருபத்தைந்தாம் தேதி நாங்க பார்த்துக்கிறோம், ஏழாம் தேதி அவங்க வருவாங்க."

இது சைட்டில் புதிதாக வந்த ஏற்பாடு இல்லை. என் வீட்டுக்காரம்மா ருமேனியர். பான்செவோவிலிருந்து வரும் 'லிபெர்டாட்டெயா' வாரப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பார். தன் அப்பா காலத்திலேயே, ஒரு வீட்டில் பண்டிகை என்றால் அடுத்த வீட்டுக்காரர் வந்து மாட்டுக்குத் தீனி வைத்துப் பால் கறந்துவிட்டுப் போவாராம். டிசம்பர் 19, புனித நிக்கோலஸ் நாள். பல செர்பியக் குடும்பங்களுக்கு அது குலப் புனிதர் திருநாள், அதாவது ஸ்லாவா. அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாமாகவே வருவார்கள். அன்று பக்கத்து வீட்டில் சாப்பிட்ட முட்டைக்கோஸ் இலை உருண்டையையும், ஆறு நாள் கழித்து இந்த அம்மா பரிமாறியதையும் என்னால் வேறுபடுத்த முடியவில்லை.

ஈஸ்டருக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது. அந்தத் தேதியை இரு திருச்சபையும் பழைய கணக்கில்தான் குறிக்கின்றன. சைட்டை மூடுவதே வழி.

சண்டையே தெரியாத ஊர் என்று எழுத எனக்கு மனமில்லை. 1864 வரை இந்தப் பகுதி ருமேனியர்களும் செர்பியர்களும் கார்லோவ்ட்ஸி என்ற செர்பிய ஆர்த்தடாக்ஸ் பேராயத்தின் கீழ் ஒன்றாக இருந்தார்கள். பிரிந்தபோது கோவில் சொத்துக்காகப் பல ஊர்களில் வழக்குகள் நடந்தன. ஆனால் பிரிந்த பிறகும் முறைவைத்து வேலை பார்க்கும் பழக்கம் நிலைத்தது. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒருவரையொருவர் நேசிக்கச் சொல்லி யாரும் அங்கே பேசவில்லை. மாடு பட்டினி கிடக்கக் கூடாது என்பதில் எல்லோருக்கும் கருத்து ஒன்றாக இருந்தது.

எனக்குக் கவலை வேறு பக்கம். செர்பியாவில் ருமேனியர் என்று பதிந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 29,000க்கு மேல். 2022இல் சுமார் 23,000. 2007இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அந்தக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் திறந்துவிட்டன. எங்கள் குழுவிலும் பலருடைய பேச்சு வியன்னாவைப் பற்றித்தான். செர்பிய இளைஞர்களும் போகிறார்கள். விர்ஷாட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ருமேனிய வழி வகுப்புகள் இன்னும் நடக்கின்றன. மாணவர் எண்ணிக்கையைக் காட்டி அவற்றைக் குறைத்துவிடக் கூடாது. அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் போனால், ஜனவரி 7 அன்று டூட்டிக்கு வெளியூரிலிருந்துதான் ஆள் கொண்டுவர வேண்டியிருக்கும்.