எந்த நாட்டில் போய்க் கேட்பது?

யாரோ என் படத்தைப் போட்டுப் போலிக் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். "அவசரம், கொஞ்சம் பணம் அனுப்பு" என்று என் தோழிகளுக்கெல்லாம் செய்தி போயிருக்கிறது. ஒருத்தி நம்பி அனுப்பியும்விட்டாள். புகார் கொடுக்கப் போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தக் கணக்கை யார், எங்கிருந்து பயன்படுத்தினார்கள் என்ற பதிவுகள் வேறு நாட்டு சர்வரில் இருக்கின்றன, அந்த அரசின் வழியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். அதுவரை பதிவுகள் அழியாமல் இருக்குமா என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

இணையத்துக்கு உலகம் முழுக்க ஒரே சட்டம் வேண்டும் என்று அன்றைக்கு ஆத்திரத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் பார்த்தது. அதற்காக அங்கே மாற்றிய இணைய வழித்தடம் பற்றிய தகவல் நாட்டுக்கு வெளியேயும் கசிந்துவிட்டது. இணையத்தில் தரவுக்கு வழிகாட்டும் கருவிகளான ரௌட்டர்கள் மற்ற நாடுகளிலும் யூடியூபுக்கு அதுதான் வழி என்று நம்பிவிட்டன. சுமார் 2 மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிடைக்கவில்லை. அது கைதவறி நடந்தது. ஒரு நாட்டின் தடை எல்லாருக்கும் தடை என்று சட்டமே வந்துவிட்டால் எப்படி இருக்கும்?

எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதில் நாடுகள் ஒருநாளும் ஒத்துப்போகாது. போகவும் வேண்டாம். ஆனால் திருட்டு எந்த நாட்டிலும் திருட்டுதானே! சைபர் குற்றங்களை விசாரிக்க நாடுகள் ஒன்றுக்கொன்று உதவுவதற்காக 2001-இல் கையெழுத்துக்கு வந்த புடாபெஸ்ட் ஒப்பந்தம் இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிக்கிறது. உறுப்பு நாடு ஒன்று கேட்டால், பதிவுகளைக் குறைந்தது 60 நாள் அழியாமல் வைத்திருக்க மற்ற நாடு ஏற்பாடு செய்ய வேண்டும். முறையான விண்ணப்பம் அப்புறம் வரலாம். 24 மணி நேரமும் தொடர்புகொள்ள ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மையம் உண்டு. இந்தியா உட்படப் பல நாடுகள் இன்னும் இதில் சேரவில்லை.

2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சைபர் குற்ற ஒப்பந்தமும் இருக்கிறது. அதில் எனக்குப் பயம் உண்டு. 4 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய எந்தக் குற்றத்துக்கும் மின்னணு ஆதாரம் கேட்கலாம். ஆட்சியை விமர்சித்தாலே அவ்வளவு தண்டனை கொடுக்கும் நாடுகள் இருக்கின்றனவே! மறுக்க வழி இருக்கிறது, சரி. ஆனால் மறுப்பதா வேண்டாமா என்பது கேட்கப்பட்ட அரசின் கையில் அல்லவா இருக்கிறது?

தோழியின் பணம் திரும்பி வரவில்லை. அந்த 60 நாள் ஏற்பாடு எங்களுக்குக் கிடைத்திருந்தால், அந்தச் செய்தியை அனுப்பியவனின் சுவடாவது மிஞ்சியிருக்கும்.