பங்குனிக் குட்டிகளும் செவலையும்

இந்த ஆண்டு மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனி 20-க்குள் எங்கள் பட்டியில் 23 ஆடுகள் குட்டி போட்டுவிட்டன. அவற்றில் ஒன்று மட்டும் இரட்டை ஈன்றது. ஒரு குட்டி செத்துப் பிறந்தது. இன்றைக்குத் துள்ளித் திரிபவை 23. மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் நடுவே எங்களுக்கு இருப்பது 7 ஏக்கர் கொறங்காடு, 26 மயிலம்பாடிப் பெட்டை ஆடுகள், ஒரு கிடா, செவலை என்கிற ஒரு நாய். மேச்சேரி ஆடு என்று புத்தகங்களில் எழுதுகிற இளம்பழுப்பு நிற ஆட்டைத்தான் எங்கள் பக்கத்தில் மயிலம்பாடி என்கிறோம். கம்பளி இல்லாத, கொம்பு இல்லாத, கொளுத்தும் வெயிலிலும் காய்ந்த புல்லைக் கடித்துக்கொண்டு நிற்கக்கூடிய இனம் அது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் கிடா அங்கே குட்டியாக வாங்கி வந்ததுதான்.

கொறங்காட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். செம்மண்ணும் சரளையும் கலந்த மானாவாரி நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, ஆங்காங்கே வெள்வேல மரங்களை நிற்கவிட்டால் அது கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரம் முழுவதும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக மாடும் ஆடும் மேய்கின்றன. நிலத்தை இரண்டு மூன்றாகத் தடுத்து ஒன்றை மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவது வழக்கம். வேலி நன்றாக இருந்தால் ஆட்டுக்குப் பின்னால் கோல் பிடித்து நடக்க ஆள் தேவையில்லை. காலையில் படலைத் திறந்துவிட்டு, மாலையில் தண்ணீர்த் தொட்டியருகே நின்று குரல் கொடுத்தால் அவை தாமாகவே பட்டிக்கு வந்துவிடும்.

ஆடுகள் பங்குனியில் ஈனுவதற்குக் காரணம் ஐப்பசி மழை. எங்கள் பக்கம் ஆண்டு முழுவதற்குமான மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் பெய்கிறது. அந்த ஈரத்தில் கொழுக்கட்டைப் புல் தழைக்க, அதைத் தின்று உடம்பு தேறிய ஆடுகள் பருவத்துக்கு வருகின்றன. அங்கிருந்து சுமார் 150 நாட்களை எண்ணினால் பங்குனி வந்து நிற்கும். ஆனால் குட்டி பிறக்கிற வேளையில் தரையில் பச்சை என்று எதுவும் மிஞ்சியிருக்காது. வேலியின் நுழைவழியான கடவருகே நிற்கும் புங்க மரம் ஒரே வாரத்தில் கண் கூசும் இளந்தளிராக மாறிவிடும். கிணற்று மேட்டு வேம்பு பூத்து, விடியற்காலையில் வாசலெல்லாம் அரிசி தெளித்தாற்போல் உதிர்ந்து கிடக்கும். காட்டில் மட்டும் புல் வைக்கோலாக நிற்கும். வயிற்றுக் குட்டியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சினையின் கடைசி ஆறு வாரங்களில்தான் கூடுகிறது என்பதால், மாசி தொடங்கியதுமே சினை ஆடுகளுக்குக் கம்பும் கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்தச் செலவைப் பார்த்துக் கை இழுத்தால், பிறகு மடியில் பால் இல்லாத ஆட்டையும் எழுந்து நிற்கத் தெம்பில்லாத குட்டியையும் பார்த்துக் கலங்க வேண்டியிருக்கும்.

செவலை எங்களிடம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாய் தேனி மாவட்டத்துக் கோம்பை. தகப்பன் யாரென்று தெரியாத நாட்டு நாய். உடம்பு செம்பழுப்பு, வாய்ப்பக்கம் மட்டும் கரி பூசியதுபோல் கறுப்பு. இரண்டு மாதக் குட்டியாக வந்த அன்றே அதை வீட்டு வாசலில் விடாமல் பட்டிக்குள், ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் கொடாப்புக் கூடைக்குப் பக்கத்தில் விட்டோம். அதற்கு ராகிக் களியும் மோரும் வைத்த இடம் பட்டி, படுத்த இடம் பட்டி, முதலில் பழகிய வாசனை ஆட்டு வாசனை. ஆறு மாதம் ஆகும்போது அதற்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. ஆட்டுக்குட்டிகளை விளையாட்டாகத் துரத்தி வாலைக் கவ்வும். ஒரு குட்டியின் வால் நுனியில் இரத்தத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கையில் கிடைத்த குச்சியை எடுத்துவிட்டேன். பக்கத்துக் காட்டுப் பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாயை நீ அடிச்சுப் பழக்காத கண்ணு. கிழட்டு ஆடு ஒண்ணை உள்ள உடு, அது பழக்கும்" என்றார்.

"சரிங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுக் பல்லெல்லாம் முளைத்துக் கடை சேர்ந்த ஒரு பழைய ஆட்டைக் குட்டிகளோடு அடைத்தேன். கொம்பில்லாத அந்த ஆடு மூன்று நாட்களில் செவலையை எத்தனை முறை விலாவில் முட்டியது என்று கணக்கில்லை. நான்காம் நாள் குட்டிகள் ஓடினால் நாய் தலையைத் திருப்பிக்கொண்டது. காவல் நாய்க்கு நான் பார்த்த பயிற்சியில் பெரும்பகுதி இதுதான். ஸ்காட்லாந்து எல்லைப்புறத்து பார்டர் கோலி நாய்கள் தலையைத் தாழ்த்தி, கண்ணெடுக்காமல் பார்த்தபடி ஊர்ந்து வந்து ஆடுகளை மடக்கும் காணொளிகளை எல்லோரும் வியந்து பார்க்கிறார்கள்; நானும் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பார்வை வேட்டை விலங்கின் பார்வை. ஆடு அதற்கு அஞ்சி நகர்வதால்தான் அங்கே வேலை நடக்கிறது. எங்கள் வேலையை வேலி செய்துவிடுகிறது. எங்களுக்கு வேண்டியது, ஆடு அஞ்சாத நாய்.

இதை நான் முழுமையாகப் புரிந்துகொண்டது இந்தப் பங்குனி ஏழாம் தேதி இரவில். குட்டி போடும் காலத்தில் பட்டிக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில்தான் படுக்கிறேன். நள்ளிரவு தாண்டி ஏதோ ஈரமாகக் கையில் பட்டு விழித்தேன். செவலை மூக்கால் என் உள்ளங்கையை முட்டிக்கொண்டிருந்தது, குரைக்கவில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தால், வேலியோர மூலையில் இரண்டு பல் போட்ட இளம் ஆடு ஒன்று, தலைச்சன் ஈற்று, முன்னங்காலால் மண்ணைக் கீறிக்கொண்டு படுப்பதும் எழுவதுமாக இருந்தது. பனிக்குடம் ஏற்கெனவே உடைந்திருந்தது. நாய் அருகே நகர்ந்ததும் ஆடு எழுந்து காலைத் தரையில் தட்டியது. செவலை பத்தடி பின்னுக்குப் போய், ஆட்டுக்கு முதுகைக் காட்டி, முகத்தைத் தெற்கே வைத்துப் படுத்துக்கொண்டது. பிறகுதான் ஆடு மறுபடியும் படுத்தது. குட்டி வெளியே வந்தபோது அதில் உயிர் இல்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்து, பின்னங்கால்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தும் பயனில்லை. தாய் அதை நக்கி நக்கி, அடித்தொண்டையில் மெல்லக் கனைத்துக்கொண்டே இருந்தது. தாய் தன் குட்டியிடம் மட்டுமே எழுப்பும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்பது கடினம்.

அதே இரவு விடியும் நேரத்தில் வேறோர் ஆடு இரட்டை ஈன்றது. மயிலம்பாடியில் இரட்டை அரிது. அதிலும் அந்த ஆட்டுக்குப் போன ஆண்டு மடிநோய் வந்து ஒரு காம்பு அடைத்துவிட்டது. இரண்டில் சிறியதைத் தராசில் வைத்தால் ஒன்றரைக் கிலோதான் காட்டியது. அதன் தாய் நக்கிச் சுத்தம் செய்யும் முன்பே அதைத் தூக்கி, செத்த குட்டியின் மேல் இருந்த ஈரத்தையும் இரண்டு பல் ஆட்டின் நஞ்சுக்கொடியையும் அதன் உடம்பெங்கும் தேய்த்து, கால்களைத் தளர்வாகக் கட்டி, இளந்தாயின் முகத்தடியில் வைத்தேன். உடனே எழுந்து ஓடும் குட்டி புதிதாகப் பிறந்த குட்டி இல்லை என்று ஆட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் அந்தக் கட்டு. முகர்ந்தது, விலகியது, மறுபடி முகர்ந்தது. கால் மணி நேரம் கழித்து நக்கத் தொடங்கியது. கட்டை அவிழ்த்துக் காம்பை வாயில் வைத்ததும் சீம்பாலை இழுத்த வேகத்தில் குட்டியின் வால் துடித்ததைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும், அதிலும் முதல் வாய் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது. ஏனென்றால் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு அந்தப் பாலின் வழியாகத்தான் கிடைக்கிறது. தொப்புளில் டிங்சர் அயோடின் தொட்டுவிட்டு நிமிர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. செவலை அதே இடத்தில், அதே திசையைப் பார்த்துப் படுத்திருந்தது. காகங்கள் இறங்க ஆரம்பித்ததும் மட்டும் எழுந்து விரட்டியது.

நஞ்சுக்கொடியையும் செத்த குட்டியையும் நாய்க்குப் போடாமல் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தேன். இந்தக் கண்டிப்பை நான் ஓர் ஆட்டைப் பறிகொடுத்துக் கற்றேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், நல்ல பால் மடி உள்ள ஆடு ஒன்று கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு ஒரே திசையில் சுற்றிச் சுற்றி நடந்து, பத்து நாட்களில் விழுந்துவிட்டது. அதன் மூளையில் நீர்க்கட்டி இருந்தது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். நோய்ப்பட்ட ஆட்டின் தலையைத் தின்கிற நாயின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் படிகிறது. அந்தப் புல்லை மேயும் ஆட்டின் மூளையில் மறுபடியும் கட்டி உண்டாகிறது. அறுப்பு நடக்கும் இடத்தில் தலையை நாய்களுக்கு எறிவதை நாங்கள் யாருமே தவறாக நினைத்ததில்லை. அன்றிலிருந்து செவலைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் என்கிற நாடாப்புழு மாத்திரை தவறாமல் கொடுக்கிறோம். பச்சைக் கறி கொடுப்பதே இல்லை. ஆட்டைக் காக்கிற நாய், நம் கவனக்குறைவால் ஆட்டுக்கு எமனாகிவிடக் கூடாது.

இப்போது எங்கள் வட்டாரத்து ஆட்டுக்காரர்களுக்கு நரியைப் பற்றிய பயம் இல்லை. தெருநாய்க் கூட்டத்தைப் பற்றிய பயம்தான் இருக்கிறது. வீடு ஊருக்குள்ளும் பட்டி காட்டிலுமாக இருப்பதால், இரவில் ஆடுகள் தனியாகவே அடைந்து கிடந்து பழகியவை. சாலையோரங்களில் கொட்டப்படும் கோழிக்கழிவைத் தின்று பெருகிய நாய்கள் இந்தப் பட்டிகளுக்குள் புகுந்து, பசிக்காக இல்லாமல் வெறியில் கடித்துப் போட்டுவிட்டுப் போகின்றன. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி நியாயம் கேட்டதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். எங்களிடமிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு குடும்பம் போன மாசியில் ஒரே இரவில் 11 ஆடுகளை இழந்தது. கடிபடாமல் தப்பிய இரண்டு ஆடுகளும் பயத்திலேயே இரை எடுக்காமல் அடுத்த வாரம் செத்தன. இழப்பீட்டுக்காக அவர்கள் ஓர் அலுவலகத்துக்கும் இன்னோர் அலுவலகத்துக்கும் நடந்த நாட்களை நினைத்தால் நெஞ்சு வேகிறது.

அந்தக் கூட்டம் பங்குனி 14 அன்று எங்கள் காட்டுக்கும் வந்தது. கிளுவை பட்டுப்போயிருந்த ஓரிடத்தில் நான் முள் வெட்டிப் போட்டிருந்த அடைப்பை விலக்கிக்கொண்டு ஐந்து நாய்கள் உள்ளே நுழைந்தன. செவலையின் அன்றைய குரைப்பு நான் அதுவரை கேட்டறியாதது. இடைவெளியே இல்லாமல், உடம்பு முழுவதும் குலுங்கக் குரைத்தது. நான் தடியும் டார்ச்சுமாக ஓடியபோது ஆடுகள் அனைத்தும் குட்டிகளை நடுவில் விட்டுப் பட்டியின் வடமூலையில் ஒட்டி நின்றன. செவலை அவற்றுக்கும் அந்த ஐந்துக்கும் நடுவே நின்றது. துரத்திக்கொண்டு போகவில்லை. போயிருந்தால் பட்டி திறந்துபோயிருக்கும். வெளிச்சத்தையும் ஆள் குரலையும் கண்டு அவை ஓடிய பிறகு பார்த்தால், அதன் இடது காது நடுவில் கிழிந்து தொங்கியது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் காயத்தைக் கால் மணி நேரம் கழுவினோம். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் மறுநாளே மருத்துவரிடம் கொண்டுபோய் மறுபடியும் போட்டோம். அந்த ஒரு நாள்தான் அது பட்டியில் இல்லை. அன்று பகல் முழுவதும் ஆடுகள் கடவை விட்டு நகர்ந்து மேயப் போகவில்லை.

சித்திரை பிறந்து நேற்று மாலை கோடையின் முதல் மழை பெய்தது. ஒரு உழவுக்குப் போதாத மழைதான், ஆனாலும் கொழுக்கட்டைப் புல்லின் தூரில் இன்றைக்கே பச்சை ஊசி முனைகள் தெரிகின்றன. ஆறப்போட்டிருக்கும் மூன்றாவது காட்டை இன்னும் மூன்று வாரம் திறக்க மாட்டேன். அதுவரை உதிர்கிற வெள்வேலங்காயும் காய்ந்த சோளத்தட்டுமே தீனி. கிடாக்குட்டிகளில் சிலவற்றை ஆவணிக்கு மேல் கன்னிவாடிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். மறிக்குட்டிகளை, அதாவது பெட்டைக் குட்டிகளை, எல்லாம் வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

இதை எழுதும்போது செவலை புங்க மர நிழலில் ஈர மண்ணைப் பறித்து அதில் படுத்திருக்கிறது. அன்று மாற்றுத்தாயிடம் விட்ட சிறிய குட்டி அதன் முதுகில் ஏறி நின்று, கிழிந்து ஆறிய காதை முகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு பல் ஆடு இரண்டடி தள்ளி அசைபோட்டபடி நிற்கிறது. இப்போது அது காலைத் தட்டுவதில்லை.