இடும்பன் மலையில் ஒரு காலை

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு அம்மா நகர மறுத்தார். மேகம் விலகினால் இங்கிருந்து பழநி தெரியும் என்று பூக்கடை அக்கா சொல்லியிருந்தார். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையையும் போர்த்திக்கொண்டு அரை மணி நேரம் நின்றோம். திடீரென்று வெள்ளைத் திரை கிழிந்தது. வெகு கீழே, வெயில் அடிக்கும் சமவெளியில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குன்றுகள்.

"ஒண்ணு பழநி. இன்னொண்ணு?"

"இடும்பன் மலைம்மா."

"இங்கிருந்து பாத்தா, ரெண்டையும் ஒரு ஆள் தோள்ல தூக்கிட்டு வந்தான்னு சொன்னா நம்பத்தான் தோணுது" என்றார் அம்மா.

எத்தனையோ முறை பழநிக்குப் போயிருக்கிறேன். இடும்பன் மலையில் ஒருமுறைகூட ஏறியதில்லை. மறுநாள் ஊருக்குத் திரும்புவதாக இருந்ததை மாற்றிக்கொண்டு, மதியமே பழநி பஸ் பிடித்தோம்.

பெருமாள்மலையில் பிரிகிற அந்த மலைச்சாலை கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கிக்கொண்டே இருக்கும். குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்குத் தாத்தா ஞாபகம். ஐப்பசியில் சஷ்டி ஆறு நாளும் சாயங்காலம் திண்ணையில் கந்தபுராணம் வாசிப்பார். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பாடியது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டு. தாத்தா நாலு பாட்டுப் படித்து, நாற்பது நிமிஷம் கதை சொல்வார்.

சின்ன வயதில் எனக்கு முருகனும் சூரபத்மனும் மோதுகிற போரைவிட ஊர்கள்தான் பிடிக்கும். சூரபத்மனின் தம்பி தாரகனுடைய மாயாபுரி. அதற்குக் காவலாக நின்ற கிரவுஞ்சம், மலை உருவில் ஓர் அசுரன். முருகனின் தளபதி வீரவாகுவும் அவர் படையும் உள்ளே நுழைந்ததும் வழியை மறைத்து மயக்கிவிடும். மலைச்சாலையில் மேகத்துக்குள் பஸ் புகும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வரும். கடைசியில் முருகன் வேலை விட, தாரகனும் போனான், கிரவுஞ்சமும் பிளந்தது.

எல்லாவற்றுக்கும் பெரியது வீரமகேந்திரபுரி. தென்கடலின் நடுவே, தேவதச்சன் கட்டியது. நூற்றெட்டு யுகம், ஆயிரத்தெட்டு அண்டம் ஆள வரம் வாங்கிய சூரபத்மனின் தலைநகரம். இந்திரன் மகன் சயந்தன் அங்கேதான் சிறையில் கிடந்தான். வீரவாகு தூதனாகக் கடலைத் தாண்டிப் போய்ப் பார்க்கிற வீதிகளையும் மாடங்களையும் கச்சியப்பர் அவ்வளவு ஆசையாகப் பாடியிருக்கிறார். எதிரியின் ஊர்தானே என்ற அலட்சியம் துளியும் இல்லை. போர் முடிந்ததும் அந்த நகரத்தைக் கடலுக்குள் அமிழ்த்தச் சொல்லி முருகன் வருணனுக்குக் கட்டளையிடுகிறார். தாத்தா அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார். சூரனின் மகன் இரணியன் மட்டும் மீனாக மாறிக் கடலில் ஒளிந்து பிழைத்திருப்பான், அப்பாவுக்குக் காரியம் செய்ய ஒரு பிள்ளை வேண்டுமே என்று. அதைக் கேட்கிறபோது திண்ணையில் எல்லோரும் அமைதியாகிவிடுவோம். அசுரன் வீட்டு இழவுக்கும் ஓர் இடம் வைத்த கதை அது. எனக்கு இன்றைக்கும் அதனால்தான் அந்தப் புராணம் பெரிது.

சரி, பழநிக்கு வருகிறேன். இரவு அடிவாரத்தில் தங்கி, விடிவதற்குள் கிளம்பினோம். இடும்பன் மலையில் கூட்டமே இல்லை. பெரிய மலையில் ஏறக்குறைய எழுநூறு படி. விஞ்ச், ரோப் கார் எல்லாம் உண்டு. இங்கே காலை நம்பித்தான் ஏற வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி. பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே ஏறினார்.

இடும்பன் சூரபத்மன் கூட்டத்துக்கு வில்வித்தை சொல்லிக்கொடுத்த ஆசிரியர். போரில் மிஞ்சியவர். பிறகு அகத்தியருக்குச் சீடராகிறார். கயிலையில் இருந்த சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளையும் பொதிகைக்குக் கொண்டுவரச் சொல்லி அகத்தியர் அனுப்புகிறார். பிரம்மதண்டம் தோள்தடியாக வருகிறது, பாம்புகள் உறிக்கயிறாக வருகின்றன. இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை. மனைவி இடும்பியும் கூடவே நடக்கிறாள். பழநி அடிவாரத்து ஆவினன்குடி வந்ததும் களைத்துப்போய் இறக்கி வைக்கிறார். திரும்பத் தூக்கினால் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தால் இன்றைய பழநிமலையான சிவகிரி மேல் கோவணம் கட்டிய ஒரு பையன், கையில் தண்டு.

"இறங்கு" என்கிறார் இவர். "இது என் மலை" என்கிறான் அவன். சண்டை. வில்லாசிரியர் வேரறுந்த மரமாக விழுகிறார். இடும்பி அழுது வேண்ட, அகத்தியரும் வந்து வேண்ட, முருகன் உயிர் கொடுத்துக் காவலாக வைத்துக்கொள்கிறார். இடும்பனைப்போல் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு அருள்வேன் என்ற வாக்கும் கிடைக்கிறது. அதுதான் காவடி.

அம்மா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். படியில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "அப்ப இவர்கிட்டப் படிச்ச பிள்ளைங்க அத்தனையும் போயிடுச்சா?"

"சூரன் மயிலாவும் சேவலாவும் ஆயிட்டான். மத்தவங்க போயாச்சு."

"வாத்தியார் மட்டும் மிச்சம்" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

நான் அந்தக் கதையை அப்படி யோசித்ததே இல்லை. காவடி பிறந்த கதை என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். மாணவர்கள் எல்லோரையும் இழந்த ஓர் ஆசிரியர் சுமை தூக்கி நடந்த கதை என்று அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மேலே சின்னக் கோயில். தோளில் காவடியோடு பெரிய உருவமாக இடும்பன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார். எதிரே பழநிமலை வெயிலில் பளபளத்தது. அதைச் சுற்றிய கிரிவீதிகள் தெளிவாகத் தெரிந்தன. சஷ்டியன்று சூரசம்ஹாரம் அந்த நாலு வீதிகளிலும்தான்: வடக்கே தாரகன், கிழக்கே சூரனின் மகன் பானுகோபன், தெற்கே தம்பி சிங்கமுகன், மேற்கே சூரபத்மன். இதுவரை அந்தக் கூட்டத்துக்குள் நின்றுதான் பார்த்திருக்கிறேன். இடும்பன் நிற்கிற இடத்திலிருந்து அந்த வீதிகளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தெற்கே திரும்பினால் கொடைக்கானல் மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது.

சாயங்காலம் பெரிய மலைக்கு விஞ்சில் போகலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. படியிலேயே ஏறினோம். பாதி வழியில் இடும்பன் சன்னதி. மஞ்சள் வேட்டி கட்டிய காவடிக் குடும்பம் ஒன்று முன்னால் நின்றது. சின்னப் பையன் ஒருவன் தோள் மாற்றிக்கொள்ளத் தெரியாமல் தடுமாற, அம்மா போய்க் காவடித் தண்டைத் தாங்கிப் பிடித்து, எந்தத் தோளில் எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுத்தார்.