யோர்தானின் பழுப்பு நீரில்

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலையில் ஓரிடத்தில் 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை நிற்கிறது. பஸ் அதையும் தாண்டி இறங்கிக்கொண்டே போகிறது, காது அடைக்கிறது. இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமாகப் போற்றப்படும் யோர்தான் கரை, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 400 மீட்டர் கீழே இருக்கிறது.

அந்த இறக்கத்தில்தான் குழுவினர் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொண்டோம். மைக் கைமாறி வந்தது. பெயர், வேலை. என் முறை வந்தபோது, நான்கு மாதங்களுக்கு முன்பே கைவிட்டுப் போயிருந்த பதவியை இன்னும் இருப்பதுபோலச் சொல்லிவிட்டேன். யாத்திரை போகும் வழியில் பொய். பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பதவியோடு சேர்த்தே என் பெயரைச் சொல்லிப் பழகியவன் நான். அதை எடுத்துவிட்டால் சொல்ல என்ன மிஞ்சும் என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கரையின் பெயர் கஸர் அல்-யஹூத். 1967 போருக்குப் பின் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்து, 2011இல் பயணிகளுக்கு முறையாகத் திறக்கப்பட்டது. எதிர்க்கரை யோர்தான் நாடு; யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த, அந்தப் பக்கத்து ஞானஸ்நானத் தலமான அல்-மக்தாஸ் அங்கே இருக்கிறது. நடுவே சில மீட்டர் நீர்தான். அக்கரையில் பாடியவர்களின் முகங்கள்கூடத் தெரிந்தன. படங்களில் பார்த்திருந்த நீல ஆற்றைத் தேடினேன். ஓடியது வண்டல் கலந்த பழுப்பு நீர்.

இதே ஆற்றை நினைத்து முகம் சுளித்த ஒருவன் வேதத்தில் இருக்கிறான்: சீரியாவின் படைத்தலைவன் நாகமான். குஷ்டம் நீங்க யோர்தானில் ஏழுமுறை முழுகச் சொல்லித் தீர்க்கதரிசி எலிசா ஆள் அனுப்பியதும் அவனுக்குக் கோபம் பொங்கியது. தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல நதிகள் அல்லவா? ஊழியக்காரர்கள்தான் அருகே வந்து கேட்டார்கள்: ஒரு பெரிய காரியத்தைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா? எத்தனையோ முறை வாசித்த கேள்வி. அன்று அது என்னிடம் கேட்கப்பட்டது. பெரிய காரியம் என்றால் இரவுபகல் பாராமல் செய்திருப்பேன். வெறுங்கையோடு இறங்கி நனையத்தான் எனக்கு வராது.

போதகர் மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை வாசித்தார். இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியதும் வானத்திலிருந்து ஒரு சத்தம்: "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்." பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: "இந்தச் சத்தம் உண்டானபோது ஆண்டவர் ஊழியத்தையே தொடங்கியிருக்கவில்லை."

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. தண்ணீர் திராட்சரசமான கானாவூர்க் கலியாணம் இனிமேல்தான். எந்தக் குருடனும் இன்னும் பார்வையடையவில்லை, மலைப்பிரசங்கம் இல்லை. ஏறக்குறைய முப்பது வயதான தச்சர் ஒருவர், பாவங்களை அறிக்கையிட வந்த கூட்டத்தோடு நின்று, நீரில் இறங்கிக் கரையேறுகிறார். பிதாவின் பிரியம் அப்போதே குறைவின்றி இருக்கிறது. கூலி என்றால் வேலை முடிந்தபின் அல்லவா வரும்?

குமாரனுக்குச் சொன்னது எனக்கு எப்படிப் பொருந்தும் என்று மனம் வழக்காடியது. எபேசு சபையாருக்கு எழுதும்போது அப்போஸ்தலன் பவுல், கிறிஸ்துவைக் குறித்து, 'பிரியமானவருக்குள்' என்கிறார். அந்த 'உள்' என்ற இடத்தில் எனக்கும் இடம் உண்டு என்பதே என் விசுவாசம்.

எரிகோவுக்கு மேலே சோதனை மலை என்று வணங்கப்படும் குன்று நிற்கிறது. "நீர் தேவனுடைய குமாரனேயானால்" இந்தக் கற்களை அப்பமாக்கும் என்று சோதனைக்காரன் கேட்டதை அந்தக் குன்று நினைவூட்டுகிறது. நாற்பது நாள் பசியிலும் இயேசு எதையும் நிரூபித்துக் காட்டவில்லை. நானோ பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லை அப்பமாக்கிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளை அங்கி அணிந்து படிகளில் நின்றபோது, குழுவிலேயே மூத்த அம்மா ஒருவர் கை நீட்டினார்.

"கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி, படி வழுக்குகிறது."

இருவரும் இறங்கினோம். காலடியில் சேறு குழைந்தது.

"பஸ்ஸில் ஏதோ பெரிய பதவி சொன்னீர்களே, எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை."

"அது இப்போது இல்லை அம்மா. நான்கு மாதமாக எனக்கு வேலை இல்லை."

"அப்படியா" என்றவர், என் கையை விடாமல் இன்னொரு படி இறங்கினார்.