சாமநத்தம் கண்மாயில் வாத்தும் ஆலாவும்

மார்கழி, தையில் மதுரை அருகே உள்ள சாமநத்தம் கண்மாய்க்குப் போனால் காலை 7 மணிக்குள் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வெயில் முதுகில் விழும், நிறம் தெரியும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான். 8 மடங்கு பெருக்கும் பைனாகுலர் போதும்.

பெட்டை வாத்துகளில்தான் பலரும் தடுமாறுவார்கள். உடல் நிறத்தை விட்டு அலகைப் பாருங்கள்: அகப்பைபோல அகன்றிருந்தால் தட்டைவாயன். உருவம் சிறிது, கண்ணுக்கு மேல் அழுத்தமான வெளிர்கோடு, அலகடியில் வெளிர்புள்ளி என்றால் நீலச்சிறகி. கழுத்து நீண்டு வால் கூர்ந்தது ஊசிவால் வாத்து.

தண்ணீரை உரசிப் பறக்கும் வெள்ளைப் பறவையைக் கடற்காகம் (gull) என்று குறித்துவிடாதீர்கள். இங்கே அது பெரும்பாலும் மீசை ஆலா (whiskered tern) என்னும் நீர்ப்பறவை. குளிர்காலத்தில் அதன் வயிற்றுக் கறுப்பு மறைந்துவிடும், குழப்பமே அதனால்தான். கடற்காகத்துக்குத் தனுஷ்கோடி போக வேண்டும்.

வாத்துகள் கழுத்தை நிமிர்த்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அடுத்த அடியில் கூட்டமே எழும்பிவிடும்.