லேஸிக்கு எதிரே யார்?

ஜூன் 4

குட் என்றால் பேட், ஹாட் என்றால் கோல்ட். யோசிக்காமலே வாயில் வந்துவிடுகிறது. சோம்பலைக் குறிக்கும் லேஸி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் அப்படி எதுவும் வருவதில்லை. ஒருவர் ஹார்டுவொர்க்கிங் என்பார், இன்னொருவர் ஆக்டிவ் என்பார், தேர்வுக்குப் படித்தவர் டிலிஜென்ட் என்பார். மூன்றும் சரிதான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல. சோம்பிக் கிடப்பவனுக்கு எதிர் ஆள் ஓடியாடுபவனா, உட்கார்ந்து உழைப்பவனா, கவனம் பிசகாமல் செய்பவனா? இந்த வாரம் இதைத்தான் குடையப்போகிறேன்.

ஜூன் 5

டிலிஜென்ட்டின் வேர் லத்தீன். மதித்துத் தேர்ந்தெடுப்பது, நேசிப்பது என்று பொருள்பட்ட வினைச்சொல்லில் பிறந்தது. வியர்வையைவிடப் பிரியம்தான் அதில் அதிகம். இன்றைக்கும் அந்த வாடை போகவில்லை. ஒரு நிறுவனத்தை வாங்குமுன் அதன் கணக்குகளைத் துருவிப் பார்ப்பதை டியூ டிலிஜென்ஸ் என்கிறார்கள். அங்கே பரபரப்பாக ஓடுபவரால் பயனில்லை, ஒரு வரியைக்கூட விடாமல் படிப்பவர்தான் வேண்டும். கிறிஸ்தவ மரபில் ஏழு பெரும்பாவங்களில் ஒன்றான ஸ்லாத்துக்கு, அதாவது சோம்பலுக்கு, மருந்தாகச் சொல்லப்படும் நற்குணமும் டிலிஜென்ஸ்தான். ஸ்லாத் என்ற சொல்லோ ஸ்லோ என்பதிலிருந்து வந்தது. மெதுவாக இருப்பதற்கு எதிராக வேகத்தை வைக்காமல் அக்கறையை வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஜூன் 7

இன்று சிரிப்பு மூட்டியது அசிடுவஸ். விடாமல் ஒரு வேலையில் ஈடுபடுபவரைக் குறிக்கும் சொல். வேரைத் தோண்டினால் 'பக்கத்தில் உட்கார்ந்திருப்பது'! உட்கார்ந்தே இருப்பவனைத்தானே நாம் சோம்பேறி என்று திட்டுகிறோம்?

செடுலஸ் என்று இன்னொன்று உண்டு, அதுவும் விடாமுயற்சியோடு உழைப்பவரைக் குறிப்பதுதான். பார்த்தால் அதுவும் உட்கார்வதிலிருந்து வந்ததுபோலத் தெரியும். ஆனால் 'வஞ்சகமில்லாமல்' என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். பேச்சில் கேட்கவே முடியாத சொல். கட்டுரையில் போட்டாலும் மேதாவித்தனம் காட்டுவதுபோல இருக்கும்.

ஜூன் 8

இண்டஸ்ட்ரியஸ். இண்டஸ்ட்ரி என்றால் இன்று தொழில்துறைதான் நினைவுக்கு வரும். முதலில் அது மனிதரின் உழைப்புக் குணத்தைத்தான் குறித்தது. 1747இல் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் வரைந்த 12 செதுக்கோவியங்களின் தலைப்பே 'இண்டஸ்ட்ரி அண்ட் ஐடில்னஸ்'. தொழில் பழகும் இரண்டு இளைஞர்களில் உழைத்தவன் லண்டன் மேயராகிறான், சோம்பியவன் தூக்குமேடைக்குப் போகிறான். கொஞ்சம் ஓவர்தான்.

ஜூன் 11

நான் கேள்வியையே வேறு மாதிரி கேட்க வேண்டும்போல. லேஸி எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறது என்று பார்க்காமல் எதிர்ச்சொல் தேடுவது வீண்வேலை. லேஸி ஸ்டூடண்ட் என்றால் எதிரே டிலிஜென்ட் நிற்கலாம். லேஸி ஆஃப்டர்நூன்? இண்டஸ்ட்ரியஸ் ஆஃப்டர்நூன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே பிஸி அல்லது ஹெக்டிக்தான் பொருந்தும். லேஸி ரைட்டிங் என்றால் எதிரே கேர்ஃபுல். லேஸி ஐ என்பது பார்வைக் குறைபாடு ஒன்றின் பெயர். அதற்கு எதிராக உழைப்பாளிக் கண் என்று ஒன்று கிடையாது.

மென்பொருள்காரர்களிடம் இந்தக் குழப்பமே இல்லை. தேவைப்படும்போது மட்டும் ஒரு தரவை எடுத்துவந்தால் லேஸி லோடிங், முன்கூட்டியே எடுத்துவைத்தால் ஈகர் லோடிங். இங்கே லேஸி திட்டே கிடையாது. பல இடங்களில் அதுதான் புத்திசாலித்தனம். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது லேஸிக்கு எதிராக ஈகர் என்று முதலில் யாருக்கும் தோன்றாது. ஆனால் சோம்பலின் உள்ளே இருக்கும் 'அப்புறம் பார்க்கலாம்' என்ற மனத்துக்கு நேர் எதிரே நிற்பது அந்தச் சொல்தான்.

ஜூன் 12

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான, ஆங்கிலச் சொற்களைப் பொருள் உறவுகளால் இணைக்கும் வேர்ட்நெட் என்ற தரவுத்தளத்தைப் புரட்டினேன். பெயரடைகளை அது எதிர்ச்சொல் ஜோடிகளைச் சுற்றி அடுக்குகிறது. வெட்–ட்ரை நேரடி ஜோடி. மாய்ஸ்ட் என்ற சொல் வெட்டின் உறவுக்காரர் என்பதால் ட்ரைக்கு மறைமுக எதிரி. லேஸியும் அப்படித்தான், ஐடிலின் குடைக்குக் கீழே இருக்கிறது. ஐடிலுக்கு எதிர் பிஸி. எனக்கு இதில் உடன்பாடில்லை. நாள் முழுக்க பிஸியாக இருந்துகொண்டே முக்கியமான வேலையைத் தள்ளிப்போடும் சோம்பேறிகள் ஏராளம்.

வள்ளுவர் இங்கே தெளிவு. மடியின்மை 61ஆம் அதிகாரம், ஆள்வினையுடைமை 62ஆவது. சோம்பல் இல்லாதிருப்பது ஒன்று, முயற்சி உடையவராக இருப்பது வேறு என்று தனித்தனியே வைத்திருக்கிறார்.

ஜூன் 14

வேலைப் பித்துப் பிடித்தவரைக் குறிக்கும் வொர்க்கஹாலிக்கை எதிர்ச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா? 1971இல் வேய்ன் ஓட்ஸ் எழுதிய புத்தகத்தால் பரவிய சொல் அது, ஆல்கஹாலிக்கைப் பார்த்து வார்த்தது. செயலில் சோம்பேறிக்கு நேர் எதிர், ஆனால் அதுவும் ஒரு குறையின் பெயர். லேஸி திட்டு என்றால் எதிரே பாராட்டு நிற்க வேண்டும். அதனால் அடித்துவிட்டேன். ஆளைப் பற்றிய பேச்சென்றால் ஹார்டுவொர்க்கிங், செய்யும் விதமென்றால் டிலிஜென்ட். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

அடுத்த வாரம், மரியாதையில்லாமல் நடப்பதைக் குறிக்கும் ரூட். பொலைட் என்று உடனே வாயில் வந்துவிட்டது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.