பறவையின் வாலை இழுத்தால் வேலை முடிந்தது

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏழு வாரமாக யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அதன்மேல் ஒரு கல்லுமலை, அதாவது கல்லுடைக்கும் குவாரி, நிற்கிறது. அட்டை, பஞ்சு, பசை, அப்பா சாக்கில் கொண்டுவந்த பொடி ஜல்லி ஆகியவற்றை வைத்துக் கட்டியது. நீளம் மூன்றடி, உயரம் ஒன்றரை அடி. அதில் ஒரு டைனோசர். டைனோசரின் முதுகில் ஆரஞ்சு உடை போட்ட ஒரு குண்டு மனிதர். ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூனின் தொடக்கக் காட்சியைப் பொம்மைகளை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்து, மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இரவு முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். 1960இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய கார்ட்டூன் அது. கற்கால ஊர் ஒன்றில் ஃபிரெட் என்பவர் கல்லுடைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். அவருக்குப் பாரந்தூக்கி இயந்திரம் ஒரு டைனோசர்தான். வேலை முடியும் நேரம் வந்ததும் மேலாளர் ஒரு பறவையின் வாலைப் பிடித்து இழுப்பார். பறவை கத்தும். அந்தக் கணமே ஃபிரெட் டைனோசரின் முதுகிலிருந்து வால் வழியாகச் சறுக்கிக் காருக்குள் விழுந்து, வீட்டுக்குப் பறப்பார். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பாட்டு மூன்றாம் பருவத்தில்தான் சேர்ந்தது. ஹாய்ட் கர்ட்டினின் இசை.

சிறுவயதில் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஒரு வீடியோ கேசட் கடையிலிருந்து அண்ணன் இதை வாடகைக்கு எடுத்துவருவார். அப்பா அப்போது புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு கல்லுமலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மற்ற கார்ட்டூன்களை அவர் ஏறிட்டும் பார்த்ததில்லை. இதன் முதல் நிமிடத்துக்கு மட்டும் வேலை உடுப்போடு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். பறவை கத்தும்போது ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரிப்பார். “எங்கள் இடத்தில் சங்கு ஊதினால் யாரும் வீட்டுக்குப் போகமாட்டோம்மா. பாறைக்குப் பின்னால்தான் ஓடுவோம்” என்பார். கல்லுமலையில் சங்கு ஊதுவது வெடி வைக்கப் போகிறார்கள் என்பதற்கு. சிவப்புக் கொடி ஏறும், வழி அடைபடும், லாரிகள் ஒதுங்கும். வெடித்து முடிந்து, எல்லாம் சரி என்று இன்னொரு சங்கு கேட்ட பிறகுதான் அசையலாம். சங்கு ஊதியதும் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே சறுக்கி இறங்கி வீட்டுக்குப் போகிறார் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விந்தையாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது 38 வினாடி. பறவையில் தொடங்கி, கார் வீட்டு வாசலில் நிற்பது வரை. வினாடிக்கு 12 படம் என்று வைத்தால் 456 படங்கள். சினிமாவில் வினாடிக்கு 24 படம் ஓடும்; ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை காட்டினால் 12 போதும். கையால் செய்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். வார நாளில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து, பாலம் கடந்து வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். ஆகவே சனியும் ஞாயிறும்தான். நாள் முழுக்க உட்கார்ந்தால் நாற்பது படம் தேறும். சில நாள் பதினைந்து.

இந்தக் காட்சியை நூறு முறைக்குமேல் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன். இந்தக் கார்ட்டூனை உருவாக்கிய வில்லியம் ஹன்னா, ஜோசஃப் பார்பரா இருவரையும் பற்றி என் மதிப்பு அப்போதுதான் பல மடங்கு ஏறியது. ‘டாம் அண்ட் ஜெர்ரி’யில் ஏழு ஆஸ்கார் வாங்கிக் கொடுத்தவர்கள். 1957இல் எம்ஜிஎம் சினிமா நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியபோது வெளியே வந்து, அதே ஆண்டு சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். தொலைக்காட்சி கொடுத்த பணத்தில் பழைய மாதிரி ஒவ்வொரு அசைவையும் முழுதாக வரைய வழியில்லை. எதை வரையாமல் விடலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஃபிரெட்டின் கழுத்தில் ஒரு நீலத் துணி தொங்குகிறதே, கற்காலத்து ஆளுக்குக் கழுத்துப்பட்டை எதற்கு என்று யாராவது யோசித்தோமா? தலையை ஒரு தாளிலும் உடம்பை இன்னொரு தாளிலும் வரைவார்கள். பேசும்போது தலை மட்டும் மாறும், உடம்பு அப்படியே இருக்கும். இரண்டும் சேருகிற கோட்டை அந்தத் துணி மறைத்துவிடும். அவர்களுடைய இன்னொரு கார்ட்டூனில் வரும் யோகி கரடியின் கழுத்துப்பட்டையும் இதற்காகத்தான்.

இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் என் பொம்மைக்கும் அதே சிக்கல். சாதாரண முகம், வாய் பிளந்த முகம், கண் மூடிய முகம் என்று ஃபிரெட்டுக்கு ஒன்பது தலை செய்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் கழுத்துக் கம்பியில் செருகினால் ஒரு கீறல் தெரிந்தது. நீலத் துணியைக் கட்டினேன். கீறல் போயே போய்விட்டது. அறுபது ஆண்டுக்கு முன் பென்சில் பிடித்தவர்களின் தந்திரம், சாப்பாட்டு மேசையில் என் கைக்கு அப்படியே பொருந்தியது.

கார் ஓடும் பகுதியிலும் அவர்கள் வழியிலேயே போனேன். பின்னால் ஒரே வீடும் ஒரே மரமும் திரும்பத் திரும்ப வந்தால் போதும். பெரிய பிஸ்கட் டின் ஒன்றைச் சுற்றித் தெருவை வரைந்து ஒட்டினேன். ஒரு படத்துக்கு ஐந்து பாகை திருப்பினால் 72 படத்தில், அதாவது ஆறு வினாடியில், ஒரு சுற்று. அதன் மூடியும் வீணாகவில்லை. தகர மூடியைத் தரைக்கு அடியில் பதித்து, பொம்மையின் பாதத்தில் சின்னக் காந்தம் வைத்தேன். நிறுத்திய இடத்தில் நிற்கிறது.

பினாங்கு வெயில்தான் என்னைப் படாத பாடு படுத்தியது. முதலில் தலைகளைக் களிமண் போன்ற பிளாஸ்டிசினில் பிடித்தேன். விளக்கடியில் பத்து நிமிடத்தில் கன்னம் இறங்கி, ஃபிரெட்டுக்கு அழுமூஞ்சி வந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு, கலந்து பிசைந்தால் இறுகுகிற எப்பாக்ஸி மாவில் மறுபடி ஒன்பது தலை. அடுத்தது மின்விசிறி. அது சுற்றினால் ஆரஞ்சுத் துணியின் இழைகள் ஒவ்வொரு படத்திலும் வேறு பக்கம் சாயும். ஓட்டிப் பார்த்தால் உடம்பில் எறும்பு ஊர்வது போல் இருக்கும். ஆகவே விசிறியை நிறுத்தினேன். ஜன்னல் வெளிச்சமும் ஆகாது, மேகம் நகர்ந்தால் படம் மின்னும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மூடிய அறையில், விசிறி இல்லாமல், பிற்பகல் மூன்று மணிக்கு, நெற்றி வியர்வை கல்லுமலைமேல் சொட்டாமல் இருக்கத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேலை செய்தேன்.

அப்படியும் படம் மின்னியது. காரணம் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. இன்றைய லென்ஸ்கள் ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும் உள்ளே இருக்கும் துவாரத்தைச் சுருக்கி, எடுத்ததும் விரிக்கின்றன. ஒவ்வொரு தடவையும் மயிரிழை அளவு மாறுகிறது. தனிப் படத்தில் கண்ணுக்குத் தெரியாது. வரிசையாக ஓட்டினால் விளக்கு நடுங்குகிறது. கையால் திருகுகிற பழைய லென்ஸில் அந்தத் தொல்லை இல்லை, வைத்த துவாரம் வைத்தபடி இருக்கும். ஞாயிறு காலை லோரோங் கூலிட் சந்தைக்குப் போய், செருப்பும் பழைய கடிகாரமும் பரப்பி வைத்திருந்த ஒரு பெரியவரிடம் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கினேன். ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை. நடுவில் சுத்தம். அதோடு படம் மின்னுவது நின்றது.

கேமராவின் ரிமோட்டை அழுத்தும் பொறுப்பு அண்ணன் மகனுக்கு. பத்து வயது. “நம் ஊரில் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா அத்தை?” என்று கேட்டான். ஆனந்தம் சேவியரைப் பற்றிச் சொன்னேன். மலேசிய அரசின் படப்பிடிப்பு நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் அரங்கம் அமைக்கும் கலைஞராக இருந்தவர். 1983இல் வெளியான மலேசியாவின் முதல் கார்ட்டூன் குறும்படம், சருகுமான் கதை, அவருடையது. பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, பிறகு ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

இனி அந்தச் சறுக்கல். இதற்காகத்தான் எல்லாமே. டைனோசரின் வாலை எதில் செய்வது என்று தெரியாமல் இருந்தபோது அப்பாதான் பிரம்பு வாங்கி வந்தார். இரவெல்லாம் தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் அடுப்பு அனலில் காட்டிக் காட்டி வளைத்தார். முழங்கையால் அழுத்தி, ஒரு கண்ணை மூடி வளைவைப் பார்த்து, மறுபடி அனலில் காட்டினார். அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. அதன்மேல் பஞ்சும் துணியும் சுற்றினேன். முதுகிலிருந்து வால் நுனி வரை 42 சென்டிமீட்டர். ஒன்றரை வினாடியில் இறங்க வேண்டும், அதாவது 18 படம். சமமாகப் பிரித்து நகர்த்தினால் லிஃப்டில் இறங்குவது போல் வரும், சறுக்கலாக வராது. கீழே வரவர வேகம் கூட வேண்டும். கலிலியோ கண்டுபிடித்த கணக்கு இங்கே கைகொடுத்தது: முதல் நகர்வு ஒரு பங்கு என்றால் அடுத்தடுத்து மூன்று, ஐந்து, ஏழு பங்கு என ஒற்றைப்படையில் கூடிக்கொண்டே போகும். எனக்கு ஒரு பங்கு 1.3 மில்லிமீட்டர். முதல் நகர்வு நகக்கண் அளவுகூட இல்லை. பதினெட்டாவது நகர்வு நாலரை சென்டிமீட்டர். வாலின் பின்பக்கம் பென்சிலால் 18 கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு ஃபிரெட்டை இறக்கினேன். ஓட்டிப் பார்த்தபோது அவர் ‘விர்’ரென்று இறங்கினார். நான் கைதட்டிவிட்டேன்.

போன ஞாயிறு இரவு 38 வினாடியையும் தொலைக்காட்சியில் போட்டு அப்பாவுக்குக் காட்டினேன். பறவை கத்தியதும் அதே சிரிப்பு. வாசற்படிக்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை சறுக்கலில் நிறுத்தச் சொன்னார்.

“அவன் கழுத்துத் துணி ஏன் அசையவே இல்லை?”

“அசைத்தால் தலை சேர்கிற இடம் தெரிந்துவிடும் அப்பா.”

“சரளைச் சரிவில் நானே எத்தனை முறை இறங்கியிருக்கிறேன். முதலில் கால் போகும், இடுப்பு போகும், தலை கடைசியில்தான் வரும். கழுத்தில் இருக்கிற துண்டு எழும்பி முகத்தில் அடிக்கும். கண் தெரியாது. இவன் துண்டு கல் மாதிரி இருக்கிறதே.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தோளில் அப்போதும் ஒரு துண்டு கிடந்தது. அந்த நீலத் துணியைத் தலையும் உடம்பும் சேர்கிற கோட்டை மறைக்கிற ஒன்றாகவே ஏழு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அதை ஒரு தொழிலாளியின் கழுத்துத் துண்டாகப் பார்த்திருக்கிறார்.

நேற்று சனிக்கிழமை. முடிச்சை மட்டும் கழுத்தோடு ஒட்டினேன். கீழே தொங்கும் பகுதியைப் பிரித்து, உள்ளே மெல்லிய கம்பி வைத்துத் தைத்தேன். இப்போது முடிச்சு கோட்டை மறைக்கிறது, நுனி மட்டும் பறக்கிறது. ஜன்னலுக்குத் துணி கட்டி, விசிறியை நிறுத்தினேன். அப்பா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டிலும் துண்டு எவ்வளவு எழும்ப வேண்டும் என்று தன் துண்டைக் கழுத்தில் போட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினார். இரவு பத்து மணிக்குள் பதினொரு படம் முடிந்தது. இன்னும் ஏழு இருக்கிறது.